நிரப்பப்படாத கட்டம்

நடுவர் இல்லாத ஒரு போட்டியைப் பற்றிச் சில காலத்துக்கு முன்னர் வாசித்தேன். அது என் பழைய தவறொன்றை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

'மெசியே மரதன்' என்பது அப்போட்டியின் பெயர். பிரெஞ்சு வானியலாளர் சார்ள்ஸ் மெசியே 18ஆம் நூற்றாண்டில் வால்வெள்ளிகளைத் தேடித் திரிந்தவர். வால்வெள்ளி போல மங்கலாகத் தோன்றி ஏமாற்றும் வான்பொருட்களை அவர் பட்டியலிட்டு வைத்தார். 1781இல் அப்பட்டியலில் 103 பொருட்கள் இருந்தன. பின்வந்தோர் அதனை 110 ஆக்கினர். மார்ச் கடைசியில், அமாவாசையை அண்டிய ஓரிரவில், அந்தி முதல் விடியல் வரை விழித்திருந்தால் இவை அனைத்தையும் கண்டுவிடலாம். 1970களில் அமெரிக்க வானியல் ஆர்வலர்கள் இதனை ஒரு போட்டியாக்கினர். 1985 மார்ச்சில் அரிசோனா மாநிலத்தில் ஒருவர் முதன்முதலாக 110ஐயும் ஒரே இரவில் கண்டு முடித்தார். அம்மாநிலத்து வானியல் கழகத்தினர் பாலைவெளியில் கூடி இன்றும் இதனை நடத்துகிறார்கள்.

பாலை என்றால் வெயில்தான் நமக்கு நினைவுக்கு வரும். மார்ச் மாத இரவில் அங்கே விரல்கள் விறைத்துவிடும். கண் இருளுக்குப் பழக வேண்டும் என்பதால் வெள்ளை வெளிச்சம் ஆகாது. சிவப்பு டோர்ச் மட்டுமே. மேற்கு வானில் மறையப்போகும் 74ஆம், 77ஆம் இலக்கப் பொருட்களை அந்தி ஒளியிலேயே பிடித்துவிட வேண்டும். நடு இரவில் கன்னி ராசிப் பக்கம் கலக்ஸிகள் மொய்த்துக் கிடக்கும். எது எதுவென்று பிரித்தறிவது பெரும்பாடு. கடைசியாக 30ஆம் இலக்கம். அது கிழக்கில் எழும்போது பொழுதும் புலர்ந்துகொண்டிருக்கும்.

ஒவ்வொன்றையும் கண்டதும் தாளில் அதற்குரிய கட்டத்தில் ஓர் அடையாளம் இட வேண்டும். இடுபவர் கண்டவரேதான். அவருடைய தொலைகாட்டிக்குள் அந்தக் கணத்தில் வேறு எவரும் பார்க்கவில்லை.

காணாததைக் கண்டேன் என்று துணிந்து பொய் சொல்பவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவர் விடயம் எளிது. என்னைத் தடுமாற வைப்பவர் வேறொருவர். இரவு முழுவதும் விழித்து 109 கண்டுவிட்டார். உடல் நடுங்குகிறது. 30ஆம் இலக்கம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் திட்டமாகத் தெரியும். அவ்விடத்தில் ஏதோ ஒரு வெளுப்பு. அது கண்ணில் பட்டதா, மனதில் பட்டதா? இருக்க வேண்டும் என்ற அறிவே இருப்பதாகக் காட்டவும் கூடும். அவர் அடையாளமிட்டால் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அது உண்மையும் அல்ல.

இந்தப் பட்டியலுக்குள்ளேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. மெசியேக்குப் பல வான்பொருட்களைக் கண்டு சொன்னவர் பியேர் மெஷான். 102ஆம் இலக்கமும் அவர் சொன்னதுதான். 1783இல் அவரே பேர்லினுக்கு ஒரு கடிதம் எழுதினார்: 102 என்பது தனிப் பொருளல்ல, 101ஐயே தவறுதலாக இரண்டாம் முறை குறித்துவிட்டேன் என்று. எவரும் கேட்காமலே தன் பிழையைச் சொன்ன மனிதர் அவர்.

அதே மெஷானிடம் 1792இல் பெரிய பொறுப்பொன்று வந்தது. மீற்றர் என்ற புதிய அளவை வகுப்பதற்காக டன்கேர்க்கிலிருந்து பார்சலோனா வரை பூமியை அளக்கும் வேலையில் தென்பகுதி அவருடையது. பார்சலோனாவில் இரு இடங்களில் எடுத்த அளவுகள் ஒத்துவரவில்லை. வேறுபாடு ஒரு பாகையின் ஆயிரத்திலொரு பங்கைவிடவும் குறைவு. அதை அவர் மறைத்தார். மறைத்தது அவரை அரித்தது. மீண்டும் அளந்து தீர்க்க வேண்டுமென்ற ஏக்கத்தோடு ஸ்பெயினுக்குப் போய், 1804இல் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிய சகா டிலாம்பரே உண்மையைக் கண்டார். அது மெஷானின் கவனயீனமல்ல, பெரும்பாலும் கருவியின் குறை என்பது பிற்பாடு தெரியவந்தது.

ஒரே மனிதர்தான். 1783இல் பிழையை ஒப்புக்கொள்வதன் விலை பட்டியலில் ஒரு வரி. பத்து வருடங்களுக்குப் பின் அதன் விலை அவருடைய பெயரும் ஒரு நாட்டின் நம்பிக்கையும். நேர்மை அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது முழு உண்மையல்ல. பிழைக்கு விலை குறிப்பவர்களையும் அது பொறுத்திருக்கிறது.

பாடசாலையில் விலை குறிப்பவன் நான். பல வருடங்களுக்கு முன் நீரின் கொதிநிலையை அளக்கும்படி வகுப்புக்குச் சொன்னேன். எல்லாக் கொப்பிகளிலும் 100 பாகை என்றிருந்தது. ஒரு பையன் மட்டும் 97 என்று எழுதியிருந்தான். "புத்தகத்தைப் பார்க்கவில்லையா?" என்றேன். "வெப்பமானியைப் பார்த்தேன் சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் வெட்டினேன். மறு வருடம் அதே வெப்பமானியைக் கொதிநீரில் நானே வைத்துப் பார்த்தேன். 97 காட்டியது. அதற்குள் அந்தப் பையன் எல்லாப் பரிசோதனைகளிலும் புத்தகத்து விடையையே எழுதப் பழகிவிட்டிருந்தான். நான் அவனிடம் போய் எதுவும் சொல்லவில்லை. அவன் பாடசாலையை விட்டும் போய்விட்டான்.

அரிசோனாவில் விடியும்போது ஒருவர் 109 என்று எழுதி, கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டு வீடு திரும்பலாம். அவரைப் பார்த்து அங்கே எவரும் சிரிக்கமாட்டார்கள் என்று நம்ப விரும்புகிறேன். என் வகுப்பில் இப்போது கொப்பி திருத்தும்போது, எல்லாருடையதும் ஒன்றுபோல் சரியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.