ஊர் திறக்கக் கூடாத பெட்டி

2021 பிப்ரவரியில், ஜப்பானின் இணைய ஏலம் ஒன்றில் பழைய கையெழுத்து ஆவணம் ஒன்று விற்பனைக்கு வந்தது. நாகானோ மாநிலத்தில் 1899இல் எழுதப்பட்ட அதில் தொழுநோயாளிகளின் பெயர்கள் இருந்தன. அவர்களுடைய குலவழியும் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தலைமுறைகளாகச் சில குடும்பங்கள் பொத்திவைத்த சேதிக்கு யாரோ ஒருவர் விலை வைத்துவிட்டார் என்பது நெஞ்சை அறுக்கிறது.

நோயால் ஒதுக்கப்பட்டோரின் குடும்ப ரகசியத்தைக் கிளறும் உரிமை பிறருக்கு உண்டா? இல்லை. அதைச் சுமந்தவர் மனமொப்பித் திறந்தாலன்றி வேறு எவர் திறந்தாலும் அது அறமாகாது.

அந்த ரகசியம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1907இல் ஜப்பானில் தொழுநோய் குறித்து ஒரு சட்டம் வந்தது. 1931இல் அது இறுகி, நோயாளிகள் எல்லோரையும் காப்பகங்களில் அடைக்க வழிசெய்தது. ஊரார் பார்த்திருக்க வீட்டுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். காப்பகத்துக்குள் நுழைந்ததும் மருந்துநீரில் குளிப்பாட்டினார்கள், கைப்பணத்தை வாங்கிக்கொண்டார்கள், வேறொரு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மணம் செய்துகொள்ள விரும்பிய ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். இறந்த பின்னும் எத்தனையோ பேரின் அஸ்தியை வாங்க வீட்டார் வரவில்லை. கலயங்கள் காப்பகத்திலேயே தங்கிவிட்டன. 1940களிலேயே மருந்து வந்துவிட்டது. சட்டம் நீங்கியதோ 1996இல்தான். தங்கையின் கலியாணம் நின்றுவிடக் கூடாதே என்று அண்ணன் தன் பெயரையே விட்டுக்கொடுத்தான் என்றால், அதைப் பொய் என்று சொல்ல நாக்கு எழுமா?

பிறருக்குத் தீங்கு தராத சொல்லையே வாய்மை என்றார் வள்ளுவர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். பிறர் குறையை மறைப்பதே பெருமை, அதைப் பறைசாற்றுவது சிறுமை என்றார். புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மணிமேகலையில், வேள்விப் பசுவை விடுவித்த ஆபுத்திரனை எதிர்த்தவர்களில் ஒருவன் அவன் பிறப்பைச் சபையில் போட்டு உடைக்கிறான். சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மையால் வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டார். பாரதத்திலோ, தன் பிறப்பைத் தருமனிடம் சொல்ல வேண்டாம் என்று கர்ணன் கேட்டுக்கொள்கிறான். கண்ணனும் அதை மதித்து வாய் திறக்கவில்லை. உலகறிந்த தெய்வமே காத்த மறையை ஏலக்கடை காக்க வேண்டாமா?

வரலாற்றுக்கு உண்மை வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். சட்டம் செய்த கொடுமையை எழுதுங்கள். ஆணையிட்டவர்களின் பெயரை எழுதுங்கள். அடைபட்டவரின் வீட்டு முகவரி அதற்கு எதற்கு?

2019 ஜூனில் ஜப்பானின் குமமோத்தோ நீதிமன்றம், நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அரசு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த 561 பேரில் பெரும்பாலோர் பெயரை மறைத்து எண்ணாகவே நின்றார்கள். ஒருசிலர் மட்டும் சொந்தப் பெயரில் நின்றார்கள். அந்தத் துணிவு தொழத்தக்கது, ஏனென்றால் பூட்டை அவர்களே திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஒருவருக்கு 18 லட்சம் யென் வரை. ஐந்தாண்டு கழிந்தும் அரசு எதிர்பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட விண்ணப்பிக்கவில்லை. கெடுவை 2029 வரை நீட்டினார்கள். விண்ணப்பம் வெளியே தெரியாது என்று உறுதி சொல்லியும், கட்டிய கணவனுக்குத் தெரிந்துவிடுமோ, சம்பந்தி வீட்டார் காதில் விழுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது.

ஆகவே வேலை நம்முடையது. தொழுநோய் பரம்பரையாக வருவதில்லை என்பதைச் சம்பந்தம் பேசும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய பெட்டியில் அப்படியொரு ஆவணம் கிடைத்தால், அதில் யாருடைய வாழ்வு இருக்கிறதோ அவரிடம் கொடுங்கள். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள். பேசாவிட்டால் அந்த மௌனத்துக்கும் மரியாதை செய்யுங்கள்.