இரவில் ஊற்ற வேண்டிய நீர்

பெரிய இரயில் நிலையம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் கண்ட காட்சி இது. முதியோரை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி நடைமேடையின் பாதி வழியில் நின்றுவிட்டது. அதில் முழங்கால் வலியால் நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் ஏற வேண்டிய பெட்டியோ வெகு தொலைவில். சுற்றி நின்றவர்கள் ஓட்டுநரைக் கடிந்துகொண்டார்கள். அவர் அன்று காலையில்தான் வண்டியைப் பெற்றிருந்தார்; இரவில் மின்னேற்றம் செய்தவர் வேறொருவர்.

இதை மும்பை மாட்டுங்காவில் ஓர் அன்பரிடம் கூறினேன். 1915-இல் தொடங்கப்பட்ட அவ்வூர் இரயில் பெட்டிப் பணிமனையில் மின்கலப் பணி செய்து ஓய்வு பெற்றவர் அவர். பழைய வகைப் பெட்டிகளில், வண்டி ஓடும்போது சக்கர அச்சால் சுழலும் மின்னாக்கி விளக்குகளுக்கு மின்சாரம் தரும். வண்டி நின்றால் பெட்டிக்கு அடியிலுள்ள மின்கலங்களே தர வேண்டும். "நான் சரியாகப் பார்க்காத கலம் என் கண்ணெதிரே கெடாது, சுவாமிஜி. எங்கோ சிக்னலுக்காக நள்ளிரவில் நிற்கும்போதுதான் விளக்கு மங்கும்" என்றார்.

பேட்டரி வண்டிக்கான முறையையும் அவர் விளக்கினார். மேலே படியும் அமிலப் பொருக்கைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவ வேண்டும். அதற்கு முன் மூடிகள் இறுகியிருக்க வேண்டும், சோடா உள்ளே இறங்கினால் அமிலம் வலுவிழக்கும். முனைகளைத் துலக்கி வாஸ்லின் தடவ வேண்டும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டம் வேண்டும். நெருப்பு அருகே கூடாது. காய்ச்சி வடித்த நீரை மின்னேற்றம் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னரே நிரப்பினால் மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். (தகடுகள் வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம்.) இதற்காக ஒருவர் விடியும்வரை விழித்திருக்க வேண்டும். மாலையிலேயே ஊற்றிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. ஹைட்ரோமீட்டரை அமிழ்த்தாமலேயே பதிவேட்டில் 1.265 என்று எழுதினாலும் தெரியாது.

மின்கலத்தை மனத்துக்கு உவமையாக்கும் ஆசை இவ்விடத்தில் எழுகிறது. அது வேண்டாம்; இப்பணியிலேயே சிந்திக்க வேண்டியது நிறைய உள்ளது.

செய்து முடிந்துபோன செயல் காலம் கடந்து எவ்வாறு பலன் தருகிறது என்று மீமாம்சகர்கள் கேட்டார்கள். அந்த இடைவெளியை இணைக்க 'அபூர்வம்' என்னும் காணப்படாத ஆற்றலைக் கொண்டார்கள். வேள்விக்கும் சுவர்க்கத்துக்கும் இடையே அவர்கள் அனுமானித்த இணைப்பை மின்கலத்தில் கண்ணாலேயே காணலாம். மின்சாரம் தீர்ந்த நிலையில் நெடுநாள் கிடக்கும் காரீயத் தகட்டில் காரீய சல்பேட் கடினப் படிகமாக இறுகுகிறது. பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. சென்ற மாதத்து அலட்சியம் தகட்டிலேயே தங்கியிருக்கிறது. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வேள்வியின் பலன் அதைச் செய்வித்தவனுக்கே உரியது. இங்கே செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் முன்பின் அறியாத மற்றொருவர். ஆகவே, 'செய்தவன் அனுபவிப்பான்' என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. முகம் தெரியாத அந்த மூதாட்டிக்கும் இரவுப் பணியாளருக்கும் இடையே உள்ள கடமை, எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாதது. ஆயினும் அது மெய்யான கடமையே.

அதற்காக இரவுப் பணியாளரை மட்டும் குற்றவாளியாக்கினால், ஓட்டுநரைக் கடிந்தவர்கள் செய்த பிழையையே நாமும் செய்கிறோம். மின்னேற்றம் முடியுமுன் வண்டியை வெளியே எடுக்கச் சொல்பவர் யார்? வடித்த நீரை வாங்கித் தராதவர் யார்? கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலத்தின்மீது குனியச் சொல்வது எவ்வளவு நியாயம்? மாட்டுங்கா அன்பர் தம் பழைய காக்கிச் சட்டை ஒன்றைக் காட்டினார். அதில் அமிலம் தின்ற துளைகளை எண்ணி முடியவில்லை.

அன்று ஓட்டுநரும் சுமைதூக்கும் தொழிலாளர் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பெட்டிவரை சென்றார்கள். மூதாட்டியை ஏற்றிவிட்ட பிறகு, ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி ஒரு கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தகடுகள் வறண்டிருந்தன.