கூலியும் அன்பும்

‘கூலிக்கு மாரடித்தல்’ என்றொரு வழக்கு நம்மிடையே உண்டு. பணம் பெற்றுக்கொண்டு பிறர் வீட்டுச் சாவுக்கு அழுபவளின் கண்ணீர் உண்மையானதன்று என்பதே அதன் கருத்து. சிறுவர் இல்லங்களைப் பற்றிப் பேச்செழும்போது இக்கருத்து ஏதேனும் ஒரு வடிவில் தலைகாட்டுவதைக் காண்கிறோம். சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவளிடம் அன்பை எதிர்பார்க்கலாமா? உணவும் உடையும் படிப்பும் ஒழுங்காகக் கிடைத்தாற் போதாதா? இவ்வாறு கேட்போர் தீயோரல்லர். ஆயினும் அவர்களது கேள்விக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் மறைந்துள்ளன. அன்பு என்பது தேவைகள் எல்லாம் நிறைவேறியபின் கிடைக்கும் மேலதிக இனிப்பு என்பது ஒன்று. கூலி புகுந்த இடத்தில் அன்பு நில்லாது என்பது மற்றொன்று.

முதலாவது எண்ணத்தை வரலாறு கொடூரமான முறையிற் பொய்ப்பித்துவிட்டது. ருமேனியாவில் 1966 இல் சவுசெஸ்குவின் அரசு மக்கட்டொகையைப் பெருக்கும் நோக்குடன் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அரச இல்லங்களில் நிறைந்தனர். 1989 இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கிருந்தமை வெளிப்பட்டது. சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட ஓர் அரசே இதனைச் செய்தது என்பதை, சமதர்மத்தில் நம்பிக்கை கொண்ட நாம் மறைத்தலாகாது.

2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், புக்காரெஸ்ற் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஏனையோர் வழமையான பராமரிப்பிலேயே விடப்பட்டனர். குடும்பங்களிடம் சென்றோர் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பற்றுக்கொள்ளும் ஆற்றலிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன் சென்றோர் பெரிதும் முன்னேறினர். இல்லத்திலும் உணவும் படுக்கையும் இருந்தன. இல்லாதிருந்தது, தன்னை மட்டும் நோக்கித் திரும்பும் ஒரு முகம்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. அவ்வளர்ப்புத் தாய்மாரும் ஊதியம் பெற்றவர்களே. எனவே அன்புக்குப் பகை கூலியன்று. இல்லத்தில் ஒருத்தியின் பொறுப்பிற் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். வேலைநேரம் முடிந்ததும் அவள் போய் இன்னொருத்தி வருவாள். வளர்ப்புத் தாயோ சிலரோடு நிலைத்திருந்தாள். வேறுபாடு உள்ளத்தில் அன்று, வேலையின் அமைப்பிலேதான் இருந்தது.

அன்பை உள்ளத்தில் ஊறும் உணர்ச்சி என்று மட்டும் கொண்டால் அதனை எவருக்கும் கட்டளையிட இயலாது. ஆனால், இந்தப் பிள்ளை இருட்டுக்கு அஞ்சும், இந்தக் கறியை ஒதுக்கிவைக்கும், இன்று ஏதோ காரணத்தாற் பேசாதிருக்கிறது என்று அறிவதும், நாளையும் வருவதும் உழைப்பு. உழைப்புக்கு நேரம் வேண்டும். நேரத்தைச் சமுதாயம் வழங்கலாம், பறிக்கவும் செய்யலாம்.

நமது அக இலக்கியம் இதனை அறிந்திருந்தது. உடன்போக்கிற் சென்ற தலைவியைத் தேடிச் சுரத்திடை அலைபவள் ஈன்ற தாயல்லள், செவிலி. அவள் துயரைக் கூலித் துயரென்று நாம் படிப்பதில்லை. ஆயினும் செவிலி செல்வர் மனைக்கே உரியவளாயிருந்தாள். ஏழைப் பிள்ளைக்குச் செவிலி யார் என்பதே நம் காலத்துக் கேள்வி.

அன்பை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்தானது. ‘அன்பினால் அடித்தேன்’ என்ற சொல் எத்தனை பிரம்புகளை மறைத்திருக்கிறது! 1912 இல் வார்சோ நகரில் யூத அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பையேற்ற மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் இதனை உணர்ந்திருந்தார். அவரது இல்லத்திற் பிள்ளைகளே நீதிபதிகளாயமர்ந்த நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டப் பிரிவுகளுட் பெரும்பாலானவை மன்னிப்பதற்கே வகுக்கப்பட்டவை. ஆசிரியர் மீதும் பிள்ளை வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கும் அம்மன்றின் முன் நின்றார். 1942 ஆகஸ்ட் மாதத்தில் நாஜிகள் ஏறக்குறைய 200 பிள்ளைகளைத் திரெப்ளிங்காக் கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது அவரும் உடன்சென்றார். அப்பயணத்தை உலகம் போற்றுகிறது. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வில்லத்தின் அன்றாட வேலைகளை நடத்தியவர் ஸ்ரெபானியா வில்ச்சின்ஸ்கா என்ற பெண். அவரும் பிள்ளைகளுடனேயே சென்றார். அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அன்பின் பெரும்பகுதி இவ்வாறு பெயர் பெறாத வேலையிலேதான் கழிகிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்குள்ள இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பலர் அநாதைகளல்லர். தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையும் போரும் குடும்பச் சிதைவும் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டன. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருப்பதும் உண்டு. அங்கே அவள் கூலிக்குப் பிறர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறாள். இங்கே அவளது பிள்ளையைப் பிறர் கூலிக்குப் பார்க்கின்றனர். இக்கொடுமைக்கு மருந்தாக நாம் செய்வதென்ன? பிறந்தநாளையும் திவசத்தையும் முன்னிட்டு ஒருநேரச் சோறு வழங்குகிறோம். பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றி கூறுகின்றனர். உரிமையாகப் பெறவேண்டியதற்கு நன்றி கூறப் பழகும் பிள்ளை, அன்பையும் பிச்சையென்றே எண்ணக் கற்றுக்கொள்கிறது.

ஆதலின் முதலாவதாக வேண்டப்படுவது, வறுமை காரணமாக எந்தப் பிள்ளையும் வீட்டைவிட்டுப் பிரியாதிருத்தல். அது இயலாதவிடத்து, ஒருவர் பொறுப்பிற் சில பிள்ளைகள், அவருக்கு வாழப் போதுமான சம்பளம், நிலையான வேலை, பிள்ளை அஞ்சாது முறையிட ஓர் இடம். இவை கருணையாளரைத் தேடிப் பெறவேண்டியவையல்ல. அரசிடம் கேட்டுப் பெறவேண்டியவை.

மாணவரின் தேர்ச்சி அறிக்கையிற் பெற்றோரின் கையொப்பத்துக்கென ஓர் இடமுண்டு. இல்லப் பிள்ளையின் அறிக்கையில் அவ்விடத்திலே தவணைக்கொரு கையெழுத்து மாறி வருவதை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். அப்பிள்ளையும் அதைக் காண்கிறது. பத்தாண்டுகள் தொடர்ந்து ஒரே கை அங்கே கையெழுத்திடுமாயின், அக்கை மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறதென்பதற்காக எந்தப் பிள்ளையும் அதனைத் தள்ளிவிடாது.