இயக்குவது தேயுமா?

ஒன்றை இயக்குவது எதுவோ, அது அந்த இயக்கத்தால் தானும் மாறுகிறதா? சைவ சித்தாந்தத்தில் இது பழைய கேள்வி. இறைவன் ஐந்தொழிலும் செய்கிறான், ஆனால் அவற்றால் விகாரப்படுவதில்லை என்பது சித்தாந்திகளின் முடிவு. கண்ணுக்குத் தெரியும் இயந்திரங்களோ இதற்கு எதிர்ச்சாட்சி சொல்கின்றன. காரின் டிஃபரன்ஷியல் அவற்றில் ஒன்று.

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளையும் ஒரு கார் வலம் வந்தால், அதன் இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 9.4 மீட்டர் வித்தியாசம். வீதியின் நீளம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வண்டி எவ்வளவு திரும்பியது என்பது மட்டுமே வரும். இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுத்தபடியே எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை. அதன் கூட்டுக்குள் கிரௌன் வீலும் பினியனும் கியர் ஆயிலில் தோய்ந்து சுழல்கின்றன. பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் சூடு பிறக்கிறது. சாதாரணக் காரில் அந்தச் சூட்டைக் கூடே காற்றில் ஆற்றிவிடும். பந்தயக் காருக்கும் கடும் வேலை செய்யும் சில வண்டிகளுக்கும் அது போதாது. அங்கே ஒரு சிறு பம்ப் ஆயிலை உறிஞ்சித் தகடுகள் செறிந்த கூலருக்கு அனுப்ப, ஆறிய ஆயில் மறுபடி கூட்டுக்குத் திரும்புகிறது. ஆயில் போதிய அளவு சூடேறிய பிறகே பம்ப் ஓடும்படி வெப்ப சுவிட்ச் வைப்பது வழக்கம்.

இந்த அமைப்பைச் சோதிப்பதும் எளிதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் நிரப்பும் துளையின் விளிம்புவரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குழாய் இணைப்புகளில் கசிவும் கூலரின் தகடுகளுக்கிடையே அடைத்த மண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பம்ப் ஓடும்போது கூலருக்குள் போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஒரே சூட்டில் இருந்தால் கூலரால் பயனில்லை. எல்லாவற்றையும்விட உண்மை பேசுவது ஆயில் வடிக்கும் போல்ட். அதில் காந்தம் வைத்திருந்தால், சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால் உள்ளே பல் உடைகிறது. விசையைக் கடத்திய பொருள், கடத்தியதற்கான விலையைத் தன் உடம்பிலிருந்தே கொடுத்திருக்கிறது.

சிதம்பரத்தின் அதே தேர் வீதிகளில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முதல் நாள் தேர் ஓடுகிறது. தேருக்கு டிஃபரன்ஷியல் வேண்டியதில்லை. வடம் தேரை இழுக்க, மரபான தேரில் ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டில் அச்சைச் சுற்றி உருளும். திருப்பமும் நிறுத்தமும் முட்டுக்கட்டையின் பொறுப்பு. ஆனால் சுழலாத அந்த அச்சும் சூடேறுகிறது, தேய்கிறது. கட்டை வண்டியின் அச்சுக்கு மை போடுவதும் இதனால்தான். ஆகவே அசையாமல் அசைவிப்பவனுக்குத் தேரச்சை உவமை சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், வாதத்துக்கு நிற்காது.

இந்தக் கேள்வியின் இரு கரைகளையும் பார்த்தவர் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம். சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் 8 அவருடையவை. சக ஆண்டு 1235-ஐ, அதாவது கி.பி. 1313-ஐச் சுட்டும் சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் அவர் மறுக்கும் வாதங்களில் இரண்டு இங்கே முக்கியம். ஈசுவர அவிகாரவாதம் இறைவனின் மாறாமையைக் காப்பாற்றுகிறது. ஆனால் உயிர் தானாகவே சென்று பயன் பெறுகிறது என்று சொல்லி அவனுக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது. நிமித்தகாரண பரிணாமவாதமோ வேலையைக் கொடுத்துவிட்டு மாறாமையை இழக்கிறது. உமாபதி இரண்டையும் ஏற்கவில்லை. இறைவன் தன்னைப் பிரியாத சத்தியால், சங்கற்ப மாத்திரத்தில், அதாவது நினைத்த அளவிலேயே, தொழில் செய்கிறான். திரிவதெல்லாம் உலகின் மூலப்பொருளான மாயை என்பது சித்தாந்தம்.

இதற்குச் சாத்திரம் காட்டும் உவமை சூரியன். அதன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கிறது, இன்னொன்று வாடுகிறது. சூரியனுக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்றைய இயற்பியல் இதை ஒப்பாது. சூரியன் நொடிக்குச் சுமார் 40 லட்சம் டன் நிறையை ஒளியாகச் செலவழிக்கிறது. உவமை இந்த இடத்தில் டிஃபரன்ஷியலோடு சேர்ந்துகொள்கிறது. இதனால் சித்தாந்தம் விழுந்துவிடவில்லை. சூரியனும் மாயையின் காரியம்தான், தேயவே செய்யும். தேயாததற்குச் சடத்தில் உவமை கிடைக்காது என்பது மட்டுமே தெளிவாகிறது.

சிதம்பரத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மற்றக் கோயில்களில் பொதுவாக உற்சவர் தேரேற, இங்கே மூலவரான நடராசரே சிற்சபையை விட்டு வீதிக்கு வருகிறார். எங்கும் நிறைந்தவன் எங்கே போவது? உயிர்களுக்காகக் கொண்ட அருள்வடிவம் எழுந்தருளுகிறது, ஆகாயமாகிய சிதம்பர ரகசியம் இடம் பெயர்வதில்லை என்பது விடை.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. இறைவன் ஒரு காலத்தில் சங்கற்பித்தான் என்றால், முன்பு இல்லாத ஒன்று அவனிடம் தோன்றியது, அதுவே விகாரம்தானே? சித்தாந்தத்தின்படி அருள் அநாதியானது, என்றும் ஒருபடித்தாக நிற்பது. காலத்தில் நிகழ்வது உயிரின் மலபரிபாகம், அதாவது அதைக் கட்டியிருக்கும் மலம் பக்குவப்படுவது. அது கூடும்போது பதிகிற அருளைத்தான் சத்திநிபாதம் என்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் மந்தம், தீவிரம் முதலிய படிகளும் பெறும் உயிரின் பக்குவத்தைப் பொறுத்தவை.