தோற்கும் பயிற்சியாளரை ஏன் வைத்திருந்தார்கள்?

தோற்றுக்கொண்டே இருப்பவரை மாற்றிவிட்டால் ஊர் கேள்வி கேட்காது. மாற்றாமல் வைத்திருந்தால்தான் ஆளுக்கொரு கேள்வி வரும். சென்னையின் எஃப்சி கால்பந்து அணியில் நடந்ததைச் சொல்கிறேன். இன்று பூராவும் மனதில் வைத்திருங்கள்.

2015. இந்தியன் சூப்பர் லீக்கின் இரண்டாவது பருவம். 10 ஆட்டங்கள் முடிந்திருந்தன. 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. பட்டியலில் கடைசி இடம். பயிற்சியாளர் மார்கோ மாத்தராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் முட்டு வாங்கினாரே, அவரேதான். அந்த நேரத்தில் அவரை அனுப்பியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அபிஷேக் பச்சன், வீடா டானி, தோனி ஆகிய உரிமையாளர்கள் அனுப்பவில்லை.

மீதமிருந்த 4 லீக் ஆட்டங்களையும் அணி வென்றது. அந்த டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடினார்கள். 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதிப் போட்டி. 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கி நின்றவர்கள், 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லிவிட்டு நானும் போயிருப்பேன். இன்னொரு பாதி இருக்கிறது.

2018 மார்ச்சில் ஜான் கிரகரியின் பயிற்சியில் அதே அணிக்கு இரண்டாவது கோப்பை. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி. மறுபடியும் கடைசி இடம். மறுபடியும் பயிற்சியாளரை வைத்துக்கொண்டார்கள். சூப்பர் கோப்பையில் இறுதி வரை போனதும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் புதிய பருவத்தின் முதல் 6 ஆட்டங்களில் ஒரே வெற்றி. 2019 நவம்பர் கடைசியில் அவரும் அணியும் பிரிந்தார்கள். ஓவன் காயில் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான். 2020 மார்ச்சில் அந்த அணி இறுதிப் போட்டியில் நின்றது.

ஒருமுறை வைத்திருந்தது பலித்தது. ஒருமுறை மாற்றியது பலித்தது. உரிமையாளர்கள் மட்டும் அதே ஆட்கள்.

வைத்திருப்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் உண்டு. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் பணம் போகும். பருவத்தின் நடுவில் நல்ல பயிற்சியாளர் சும்மா கிடைக்க மாட்டார். ஆட்டக்காரர்களே அவருடைய முறைக்கு ஏற்ப எடுக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். கடைசி இடம் பிடித்த அணியைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் விதி அப்போது இந்த லீக்கில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத காரணமும் ஒன்று இருக்கும். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களே அவர்கள்தான். அவரை அனுப்பினால் தங்கள் தேர்வையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கோப்பை வாங்கித் தந்தவர் என்றால் நன்றியும் கையைப் பிடிக்கும். அந்த நன்றியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நேற்றைய கணக்கு.

மாற்றினால் மட்டும் விடிந்துவிடுமா? நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை பாஸ் தெர் வீல் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். சரிவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளும் மீண்டன. மாற்றாத அணிகளும் கிட்டத்தட்ட அதேபோல் மீண்டன. சரிவு தானாகவே முடிகிறது. பெயர் மட்டும் புதிதாக வந்தவருக்குப் போகிறது.

அப்படியானால் எப்போது காத்திருப்பது, எப்போது மாற்றுவது? திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைப்பார்கள். மழை தள்ளிப்போனால் ஊரே வானத்தைப் பார்க்கும். விவரமான சம்சாரி குனிந்து மண்ணைக் கிளறுவார். விதை கெடாமல் இருந்தால் காத்திருப்பார். கெட்டுப்போயிருந்தால் மறுவிதைப்புக்குத் தயங்க மாட்டார். சும்மா இருப்பவரும் காத்திருப்பவரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். கிளறிப் பார்த்தவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

2015-ல் புள்ளிப் பட்டியல் செத்துக் கிடந்தது, ஆட்டம் சாகவில்லை. ஸ்டீவன் மெண்டோசா அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்தார். கோல் போடும் கால் அணிக்குள்ளேயே இருந்தது. பட்டியலை மட்டும் படித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

உங்களிடமும் அப்படித் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கலாம். கடையில் வேலைக்கு வைத்த தம்பி. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர். சங்கத்துக்கு நீங்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்த தலைவர். கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, இன்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். போன தோல்விக்குப் பிறகு எதையாவது மாற்றிச் செய்கிறாரா? கூட இருப்பவர்கள் அவர் பேச்சை இன்னும் கேட்கிறார்களா? கஷ்டமான வேலை வந்தால் முன்னால் வருகிறாரா?

பார்த்ததில் உயிர் தெரிந்தால், 'நீங்கதான் தொடர்ந்து பார்க்கணும்' என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தால், அவர் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார். உயிர் தெரியவில்லை என்றால் அதையும் நேரில், மரியாதையாகச் சொல்லுங்கள். அடுத்தவர் வாயிலிருந்து அவர் அதைக் கேட்க வேண்டாம்.