நகைப்பும் பொய்ம்முகமும்

அரசை எள்ளி நகைத்தல் குற்றமாகுமா? எழுபது வயதைக் கடந்த என்னிடம் இவ்வினாவை எழுப்பியவன், கல்லூரியில் பயிலும் என் பேரன்.

பாரிவாக்கத்தில் எங்கள் இல்லத்திலிருந்தே அவன் ஓர் இணையதளம் அமைத்தான். ஓர் அரசு அலுவலகத்தின் தாமதத்தைக் கேலி செய்வதே நோக்கம். "இன்று மனுச் செய்பவரின் பேரனுக்கு ஆணை வழங்கப்படும்" என்பன போன்ற அறிவிப்புகள். அவற்றின் மேலே சிங்கங்கள் பொறித்த அரசுச் சின்னம். நானும் படித்துச் சிரித்தேன். மறுவாரம் அடுத்த தெரு மூதாட்டி ஒருவர், அதிலிருந்த "சிறப்பு முகாம்" அறிவிப்பை மெய்யென நம்பி, சான்றுகளின் நகல்களுடன் வெயிலில் பூந்தமல்லி வரை சென்று வெறுங்கையுடன் திரும்பினார். என் சிரிப்பு அன்றே வற்றியது.

"பத்திரிகைகள் கேலி செய்யவில்லையா, பாட்டி?" என்றான் பேரன்.

செய்தன, அதற்காகத் துன்பமும் ஏற்றன. 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் எள்ளும் நகைச்சுவைச் சித்திரம் ஒன்று வெளியாயிற்று. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் அவர்களுக்குத் தமிழகச் சட்டப்பேரவை ஏப்ரலில் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் அச்செயல் முறையற்றதெனக் கூறி 1000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஊழலைச் சாடித் தேசியச் சின்னத்தின் சிங்கங்களை ஓநாய்களாக வரைந்த அசீம் திரிவேதியின் இணையதளம் 2011இல் முடக்கப்பட்டது. 2012இல் அவர் கைதானார். அவர்மீது சுமத்தப்பட்ட தேசத்துரோகக் குற்றச்சாட்டு பின்னர்க் கைவிடப்பட்டது.

இவ்விருவரின் நகைப்பும் தன் முகத்துடனே நின்றது. விகடன் அட்டையை அரசாணை என்று எவரும் கருதவில்லை. ஓநாய்களைக் கண்டு எவரும் மயங்கவில்லை. பேரனின் பக்கமோ அரசின் முகத்தையே அணிந்திருந்தது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

சட்டமும் இதனையே நோக்குகிறது. அரசுடன் தொடர்புடையது என்ற எண்ணத்தை உண்டாக்கும் வகையில் தேசியச் சின்னத்தைப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. "ஏமாற்றும் எண்ணம் எனக்கில்லையே" என்று பேரன் கூறலாம். ஆனால், அதனைக் கூறவும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்குமே!

சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியையும் ஒன்றென நம் முன்னோர் வகுத்தனர். பொய்யாவணம் வரைதல் என்பது அதன் பொருள். எழுதியவன் சிரித்துக்கொண்டே எழுதினான் என்பதால், நம்பியவரின் கால்வலி குறைந்துவிடுமா? அறிவாளிக்குக் கேலியாகத் தோன்றுவது எளியோருக்கு ஆணையாகத் தோன்றுமெனில், அங்கே பொய் பிறந்துவிட்டது. அதனைக் கண்டும் சிரித்த எனக்கும் அப்பழியில் பங்குண்டு.

பேரன் சின்னத்தை நீக்கினான். "இது கேலிப்பக்கம்" என்று தலைப்பிலேயே பொறித்துத் தன் பெயரையும் இட்டான். பின்னர் மூதாட்டியின் இல்லம் சென்று வருத்தம் தெரிவித்து, உண்மையான மனுவைத் தன் கையாலேயே எழுதித் தந்தான். கேலியை அவன் நிறுத்தவில்லை. நிறுத்துமாறு நானும் கூறவில்லை. தன் பெயரைத் தாங்கி நகைப்பவனுக்கும் இடர் வரலாம். அது தாங்கத்தக்க இடர். பிறர் முகத்தை அணிந்து நகைப்பவனோ, தனக்குரிய இடரை எளியோர் தலையில் இறக்கிவிடுகிறான்.