குறை கேட்கும் செவி

குடிகள் எளிதிற் காணத்தக்கவனாக அரசன் இருத்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் 'இறைமாட்சி' அதிகாரத்தில் கூறுகிறார். இது அவனுக்கு அணியாகும் பண்பு மட்டுமோ, ஆட்சிக் கடமையோ என மாணவர் ஐயுறுதல் இயல்பே. காண்டற்கரிய மன்னன் பகைவரின்றியும் அழிவான் என்னும் 'செங்கோன்மை' அதிகாரக் கருத்து அவ்வையத்தை அகற்றும்.

அரசனை நாடி வருவோரைப் பரிமேலழகர் முறை வேண்டுவோர், குறை வேண்டுவோர் என இருவகைப்படுத்துவார். வலியவரால் நலிந்தோர் முன்னவர். வறுமையால் இரப்போர் பின்னவர்.

1974ஆம் ஆண்டின் இறுதியில் பாலிங்கில் திரண்ட சிறுதோட்டக்காரர்கள் இவருள் எவர்? ரப்பர் விலை வீழ்ந்தது. உணவுப்பொருள் விலை ஏறியது. ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். பெரும்பாலோர் மலாய்க்காரர்; தோட்டத் தமிழரும் அதே பாலை வெட்டிப் பிழைத்தவரே. அவர்கள் கேட்டது பிச்சையன்று, உழைப்புக்குரிய விலை. விலையை வீழ்த்தியது உலகச் சந்தையே, அரசன்று என்பாருளர். மெய்தான். ஆயினும், நலிந்தவன் தன்னை நலித்தவன் இன்னான் எனச் சுட்டினாலன்றிக் கேட்கப்படான் என்று குறள் யாண்டும் விதிக்கவில்லை. அவர்களுக்காக டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் குரலெழுப்பிய மாணவருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

இதே பாலிங்கில்தான் 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமான், ஆயுதப் போர் நடத்திவந்த கம்யூனிஸ்டுக் கட்சியின் சின் பெங்கைப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் சந்தித்தார். உடன்பாடு பிறக்கவில்லை. எனினும் பகைவனுக்கு அங்கே ஓர் இருக்கை இடப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த குடிகள் தெருவில் நின்றே தம் குறையைச் சொல்ல நேர்ந்தது.